பழைய தங்க பாக்கெட் வாட்ச் வாங்குவது எப்படி? முதலில் மூடிக்குள் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய ‘தங்க’ பாக்கெட் வாட்ச் தங்கம் இல்லை. அமெரிக்காவின் எல்ஜின் கம்பெனி செய்தது. விற்றவர் போட்டிருந்த படத்தில் பின்மூடியின் உள்பக்கம் ‘14கே’ என்று பளிச்சென்று தெரிந்தது. அதன் மேலே ‘ஜே. பாஸ்’ என்றும் இருந்தது. யாரோ பட்டறைக்காரர் பெயர் போல என்று விட்டுவிட்டேன். வாட்ச் கைக்கு வந்ததும் தெருமுனை நகைக்கடையில் உரசிப் பார்க்கச் சொன்னேன். “நம்ம 916 மாதிரி இல்ல, மாற்றுக் குறைச்சல். ஆனா தங்கம்தான் சார்” என்றார். ஆறு மாதம் கழித்து, விளிம்பில் பித்தளை எட்டிப் பார்த்தது.

நகைக்கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு. ஏறக்குறைய 1870 முதல் 1925 வரை வந்த வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க வாட்ச்சுகளை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: கூட்டைத் திறப்பது

கூடு என்பது, உள்ளே ஓடுகிற மிஷினைச் சுற்றியுள்ள உலோக உறை. அதில் மூன்று விதம் உண்டு. கீல் வைத்த மூடி என்றால் விளிம்பில் நகம் நுழைகிற ஒரு சிறு உதடு இருக்கும். அங்கே நெம்பினால் போதும். திருகு மூடி என்றால் உள்ளங்கையில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இடப்பக்கமாகத் திருகுங்கள். மூன்றாவதில் பின்மூடியே கிடையாது. முன்கண்ணாடி வளையத்தைத் திருகி எடுத்து, சாவிக் குமிழை மேலே இழுத்தால், மிஷின், கதவு மாதிரி முன்னால் சாய்ந்து வெளியே வரும். உதடும் இல்லை, பின்பக்க இணைப்புக் கோடும் இல்லை என்றால் அது இந்த வகைதான். இது தெரியாமல் இன்னொரு வாட்ச்சின் பின்புறத்தைப் பேனாக்கத்தியால் நெம்பி ஒரு கீறல் போட்டேன், இன்றும் இருக்கிறது. கத்தி வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் நெம்பி மலிவாகவே கிடைக்கும்.

கண்ணாடிக்கு மேலும் மூடி உள்ள ஹன்ட்டர் வகையை மூடும்போது ‘டப்’ என்று அடிக்காதீர்கள். குமிழை அழுத்திப் பிடித்து, மூடியைப் படிய வைத்து, பிறகு விரலை எடுங்கள். இல்லாவிட்டால் கொக்கி தேய்ந்து, மூடி நிற்காமல் போய்விடும்.

படி 2: பொறித்திருப்பதைப் படிப்பது

நான் ஏமாந்த இடம் இதுதான். ஜேம்ஸ் பாஸ் என்பவர் 1859-இல் காப்புரிமை வாங்கிய முறை இது: நடுவில் பித்தளை போன்ற மலிவு உலோகம், இருபுறமும் தங்கத் தகடு, மூன்றையும் ஒட்டி உருட்டி ஒரே தகடாக்கிக் கூடு செய்வது. கோல்டு ஃபில்டு, அதாவது போர்வைத் தங்கம், என்பது இதுதான். நம் ஊர் கவரிங் நகையைவிடத் தங்கம் பல மடங்கு தடிப்பு. அதனால்தான் உரைகல்லில் இழுத்தால் தங்கம் என்றே காட்டும். கல்லில் பதிவது மேல்தோல் மட்டும். அந்தத் தோல் உண்மையிலேயே 14 காரட். ஆகவே உரைகல்லை நம்பி இந்த வாட்ச்சுகளை வாங்காதீர்கள்.

எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். ‘20 இயர்ஸ்’, ‘25 இயர்ஸ்’ என்று ஆண்டுக் கணக்கு இருந்தால் அது போர்வைத் தங்கம். இத்தனை வருஷம் தேயாது என்ற உத்தரவாதம் அது. கெட்டித் தங்கத்துக்கு அப்படி யாரும் உத்தரவாதம் தர வேண்டியதில்லையே. 1924-இல் அமெரிக்க அரசு இந்த ஆண்டுக் கணக்கைத் தடை செய்தது. பிறகு வந்தவற்றில் ‘14கே கோல்டு ஃபில்டு’ என்றிருக்கும். ‘ஜே. பாஸ்’ என்றிருந்தால், பக்கத்தில் எத்தனை ‘கே’ போட்டிருந்தாலும் கெட்டித் தங்கம் இல்லை. கெட்டித் தங்கக் கூட்டில் ‘வாரண்டட் 14கே யூ.எஸ். அஸ்ஸே’ என்று அடிக்கடி பார்க்கலாம் (அஸ்ஸே என்றால் மாற்றுச் சோதனை). அரசு முத்திரை மாதிரி ஒலிக்கும்; ஆனால் கூடு செய்தவர்களே அடித்துக்கொண்டதுதான்.

சுவிஸ் வாட்ச் என்றால் வேலை எளிது: 18 காரட்டுக்கு ஒரு பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு ஓர் அணில், 1880-களிலிருந்து அரசே அடித்த முத்திரை. ஆனால் அதில் வேறொரு பொறி உண்டு. வெளிமூடிகள் தங்கமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தூசி மூடி பித்தளையாக இருக்கலாம். அதில் ‘மெட்டல்’ என்று எழுதியே இருப்பார்கள். ஒவ்வொரு மூடியையும் தனித்தனியாகப் படியுங்கள்.

படித்த பிறகு லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி) வைத்துத் தேய்மானம் பாருங்கள். மேல்வளையம், அது உரசும் கழுத்து, மூடி விளிம்பு, செதுக்குவேலையின் மேடுகள் – பித்தளை முதலில் தலைகாட்டுவது இங்கேதான். 10 மடங்கு லூப் போதும். 30 மடங்கு என்று மலிவாக விற்பதை வாங்கினேன். அதில் இருட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

படி 3: எண்

கூட்டில் உள்ள எண்ணை வைத்து வருஷம் தேடாதீர்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் மிஷினை ஒரு கம்பெனியும் கூட்டை இன்னொரு கம்பெனியும் செய்தன. கடையில்தான் இரண்டும் சேரும். மிஷின் மேலுள்ள எண்தான் வேண்டும். பாக்கெட் வாட்ச் டேட்டாபேஸ் என்ற இணையதளத்தில் அதைக் கொடுத்தால் வருஷம், தரம், அளவு வரும்.

அப்புறம், மிஷினைக் கூட்டோடு பிடிக்கும் திருகுகளைப் பாருங்கள். அவை அழுத்திய தடம் கூட்டின் உள்விளிம்பில் இருக்கும். திருகு இல்லாத இடத்திலும் தடம் இருந்தால், அந்தக் கூட்டில் முன்பு வேறு மிஷின் இருந்திருக்கிறது. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது ஏராளமான கூடுகளை உருக்கிவிட்டார்கள். அநாதையான மிஷின்கள் கிடைத்த கூட்டில் குடியேறின. அது குற்றமில்லை, விலையில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: விலை

மிஷினையும் கண்ணாடியையும் கழற்றிய எடைதான் கணக்கு. 14 காரட் கூடு 30 கிராம் என்றால், 30 × 0.585, ஏறக்குறைய 17.5 கிராம் சுத்தத் தங்கம். ஹன்ட்டர் மூடிக்குள் இருக்கும் எஃகு ஸ்பிரிங்கைக் கழிக்க மறக்காதீர்கள். மொத்த எடையைச் சொல்லி ‘தங்க எடை’ என்பவரிடம் வாங்காதீர்கள்.

பாலீஷ் போடவே போடாதீர்கள். போர்வைத் தங்கத்தில் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் தோல் மெலிகிறது. சொல்லப்போனால் எனக்கு இப்போது போர்வைத் தங்க வாட்ச்சுகள்தான் அதிகம் பிடிக்கின்றன. அமெரிக்க ரயில்வேக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி அந்த வகைதான்.

பின்சேர்க்கை: “சாவி கொடுக்க முடிகிறது, குமிழை இழுத்தால் முள் நகரவில்லை, ரிப்பேரா?” என்று இதைப் படித்த இருவர் கேட்டார்கள். ரிப்பேர் இல்லை. ரயில்வே வாட்ச் பலவற்றில் குமிழை இழுத்து நேரம் வைக்க முடியாது. தற்செயலாக நேரம் மாறிவிடக் கூடாதென்று அப்படிச் செய்தார்கள். முன்கண்ணாடி வளையத்தைக் கழற்றினால் டயல் ஓரத்தில், 1, 2 மணிக்கு அருகே, மெல்லிய நெம்புகோல் நுனி தெரியும். அதை நகத்தால் வெளியே இழுத்து, குமிழைத் திருகி நேரம் வைத்து, திரும்ப உள்ளே தள்ளிவிட்டுக் கண்ணாடியை மூடுங்கள். தள்ளாமல் மூடினால் நெம்புகோல் வளையும்.