எபெத்மெலேக்கும் சும்மாட்டுத் துணியும்: வேதத்தில் அதிகம் பேசப்படாதவர்களை எப்படி வாசிப்பது

மோசே, தாவீது, பவுல் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் செங்கடலுக்கு முன்னால் கோலை நீட்டி நின்றவருடைய விசுவாசத்தை, காலையில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துச் சேலத்துக்கு வேலைக்கு இறங்குகிற ஒருவர் தன் நாளோடு எப்படிப் பொருத்திப் பார்ப்பது? ஏற்காட்டில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தபோதுதான், இரண்டு மூன்று வசனத்தில் வந்துபோகிற ஆட்களை வாரம் ஒருவராக எடுத்து வாசிக்க ஆரம்பித்தோம். அதில் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் வீட்டிலோ, வாலிபர் கூட்டத்திலோ, ஞாயிறு பள்ளியிலோ செய்து பார்க்கலாம்.

முதல் ஆளாக எபெத்மெலேக்கை எடுங்கள். எரேமியா 38ஆம் அதிகாரம். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது, நகரத்தில் அப்பம் தீர்ந்துகொண்டிருக்கிறது. சரணடையச் சொன்ன எரேமியா தீர்க்கதரிசியைப் பிரபுக்கள் கயிறு கட்டி மல்கியாவின் துரவில், அதாவது ஆழமான கிணற்றுக் குழியில், இறக்கிவிடுகிறார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, வெறும் உளை, சேறு. அரமனையில் வேலை செய்கிற எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியர் இதைக் கேள்விப்பட்டு, பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருந்த சிதேக்கியா ராஜாவிடமே போய், இவர்கள் செய்தது தப்பு என்று சொல்லி, முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தூக்கிவிடுகிறார். கதை இவ்வளவுதான்.

இதை வாசித்ததும் "தைரியமாக இருக்க வேண்டும்" என்று பாடம் சொல்லி மூடிவிடாதீர்கள். நாங்களும் முதலில் அங்கேதான் நின்றோம். அதிகாரத்தை இன்னொரு தடவை சத்தமாக, மெதுவாக வாசியுங்கள், வாசிக்கும்போதே அந்த ஆள் கையில் என்னென்ன பொருள் இருந்தது என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். கயிறு இருந்தது. அப்புறம் பழந்துணி, கந்தைத்துணி. தூக்கக் கிளம்பினவர் நேரே துரவுக்குப் போகவில்லை, அரமனையில் பொக்கிஷ அறைக்குக் கீழே இருந்த இடத்துக்குப் போய்க் கிழிந்த துணிகளைப் பொறுக்கிக்கொண்டு, அப்புறம்தான் துரவுக்கு வருகிறார். துணியைக் கயிற்றிலே கட்டி இறக்கி, இதை அக்குளில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்கிறார்.

அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்து மூட்டை சுமந்தவர். அவருக்கு வாசிக்கத் தெரியாது, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். துணி வந்த இடத்தில் நிமிர்ந்து, "அது சும்மாடு சாமி. சுமை தூக்கினவனுக்குத்தான் அது தோணும்" என்றார். தன் புடவைத் தலைப்பை உருட்டி, வட்டமாகச் சுற்றி, தலையில் வைத்துக் காட்டினார். சேற்றில் கிடந்து, பட்டினியில் மெலிந்த ஒரு உடம்பை முப்பது பேர் கயிற்றில் இழுத்தால் அக்குள் அறுந்துபோகும் என்று எபெத்மெலேக்குக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை வருஷம் அந்த அதிகாரத்தை வாசித்திருந்த எனக்கு அந்தத் துணி கண்ணிலேயே படவில்லை. அதற்குப் பிறகு, வேலை செய்து காய்த்துப்போன கையுள்ளவர்கள் இல்லாமல் இப்படிப்பட்ட பகுதியை வாசிக்க எனக்கு மனமே வருவதில்லை. உங்கள் குழுவிலும் அப்படி ஒருவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். பேசத் தயங்குவார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, அந்த ஆள் திரும்ப எங்கேயாவது வருகிறாரா என்று தேடுங்கள். செல்போனில் உள்ள வேதாகம ஆப்பில் பெயரை அடித்தாலே போதும். எபெத்மெலேக் அடுத்த அதிகாரத்தின் கடைசியில், 39:15 முதல் 18 வரை, மறுபடி வருகிறார். அங்கேதான் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, அவர் சில மனுஷருக்குப் பயந்துகொண்டிருந்தார். ராஜாவுக்கு முன்னால் போய் நின்றவர் பயமில்லாதவர் என்று நாம் நினைத்தோம் இல்லையா? இன்னொன்று, நகரம் விழுகிறபோது நீ தப்புவாய், ஏனென்றால் நீ என்னை நம்பினாய் என்று கர்த்தர் சொல்கிறார். 38ஆம் அதிகாரத்தில் விசுவாசம், நம்பிக்கை என்று அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அங்கே இருப்பது கயிறும் கந்தையும் மட்டும். அதைப் பார்த்துத்தான் கர்த்தர் "என்னை நம்பினாய்" என்கிறார். இந்த இரண்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பெயர் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய. கொலோசெயரில் வருகிற எப்பாப்பிரா வேறு, பிலிப்பியிலிருந்து பவுலுக்கு உதவி கொண்டுபோய் வியாதிப்பட்ட எப்பாப்பிரோதீத்து வேறு. ஏற்காட்டில் எங்கள் கூட்டத்துக்குக் கத்தோலிக்கக் குடும்பங்களும் வருவதால் இன்னொரு குழப்பமும் உண்டு: நம் பழைய மொழிபெயர்ப்பில் நாகமான் என்று இருக்கிற சீரியப் படைத்தலைவர் அவர்கள் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் நாமான், யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். அதிகார, வசன எண்ணைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுவார்கள்.

வசனத்தில் இல்லாததைச் சேர்க்காமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். 2 இராஜாக்கள் 5இல், நாகமான் வீட்டில் வேலை செய்த சிறுபெண்ணைப் பாருங்கள். இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்து வந்தவள், சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் எஜமானுக்குக் குஷ்டம் நீங்கும் என்று நாச்சியாரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். அவள் ராத்திரியெல்லாம் அழுதாள், எல்லாரையும் மன்னித்துவிட்டாள் என்றெல்லாம் பிரசங்கத்தில் சேர்த்துச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வேதம் அவள் மனதைத் திறந்து காட்டவில்லை, அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சொன்ன வாக்கியத்தோடு நின்றால் போதும், அதிலேயே தியானிக்க ஒரு வாரத்துக்கு விஷயம் இருக்கிறது. இதே மாதிரிதான் மெல்கிசேதேக்கும். சாலேமின் ராஜா என்றதும் நம் சேலத்தோடு முடிச்சுப் போட ஆசைப்படுகிறவர்கள் உண்டு, ஊர்ப்பெயர் காதில் ஒன்றாக விழுவதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ஆதியாகமம் 14இல் மூன்று வசனம், சங்கீதம் 110, எபிரெயர் நிருபம், இந்த மூன்றையும் சேர்த்து வாசியுங்கள், போதும்.

யாருக்கு எந்த ஆளைக் கொடுப்பது என்றும் யோசிக்க வேண்டும். சவுல் ராஜாவின் மறுமனையாட்டி ரிஸ்பாளை, 2 சாமுவேல் 21, சின்னப் பிள்ளைகளுக்கு நான் எடுக்க மாட்டேன். தூக்கிலிடப்பட்ட தன் பிள்ளைகளின் உடலை, கன்மலையின்மேல் இரட்டுத் துணியை விரித்து, பகலில் பறவையும் ராத்திரியில் மிருகமும் தொடாமல் காத்தவள். அறுப்புத் தொடங்கினது முதல் மழை பெய்கிற வரைக்கும் என்கிறது வேதம், எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்லவில்லை. சேலம் பெரியாஸ்பத்திரி வளாகத்தில் பாய் விரித்துப் படுத்து, உள்ளே இருக்கிற பிள்ளைக்காகக் காத்திருந்த ஒரு தாயோடு உட்கார்ந்து இதை வாசித்திருக்கிறேன். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். தாவீது ராஜா அவளைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் சவுல், யோனத்தானின் எலும்புகளும் மரியாதையாக அடக்கமாகின்றன, அதையும் விடாமல் வாசியுங்கள்.

வயதானவர்களுக்கு பர்சிலா. தாவீது மகனுக்குப் பயந்து ஓடுகிறபோது மெத்தை, மண்பாண்டம், கோதுமை, பயறு, தேன், வெண்ணெய் என்று வண்டி வண்டியாக வந்தது. கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். பிறகு ராஜா தன்னோடு எருசலேமுக்கு வரச் சொன்னால், எனக்கு எண்பது வயது, சாப்பாட்டு ருசி தெரிகிறதா, பாட்டுக் கேட்கிறதா, என் ஊரில் என் தாய் தகப்பன் கல்லறை பக்கத்தில் சாகிறேன் என்று மறுத்துவிட்டு, தனக்குப் பதிலாகக் கிம்காம் என்பவரை அனுப்புகிறார். எங்கள் பெரியவர்களுக்கு இந்தப் பகுதி அவ்வளவு பிடித்துவிட்டது. ஜெயிலில் இருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு, காவலிலிருந்த பவுலை வெட்கப்படாமல் தேடிப்போன ஒநேசிப்போரு, 2 தீமோத்தேயு 1. வீட்டு வேலையே ஊழியமா என்று கேட்கிற இளம்பெண்களுக்கு யாத்திராகமம் 1இல் சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள்: பார்வோன் பெயரைச் சொல்லாத அதிகாரம் இவர்கள் இருவர் பெயரையும் சொல்கிறது.

ரோமர் 16ஐ மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல்தானே என்று தாண்டிவிடுவோம். பெபேயாள், பெர்சியாள், ரூபு, ரூபுவின் தாய் என்று இருபதுக்கு மேல் பெயர்கள், 22ஆம் வசனத்தில் நிருபத்தைக் கையால் எழுதின தெர்தியுவே தலை காட்டி வாழ்த்துச் சொல்கிறார். வாசித்த கையோடு, சபையில் மூத்த ஒருவரிடம் நோட்டோடு போய் உட்காருங்கள். லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827இல். அதிலிருந்து இன்றுவரை வாசல் பெருக்கினவர்கள், பாய் விரித்தவர்கள், மழையில் மலையேறி வந்து ஜெபித்தவர்கள், இவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? கேட்டதை எழுதி வையுங்கள், யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி போதும்.

கூட்டம் முடிவதற்கு முன், அந்த வாரம் வாசித்த ஆள் செய்ததுபோல் ஒரு கைவேலையை ஒவ்வொருவரும் யோசித்துச் சொல்லட்டும், அடுத்த வாரம் ஆரம்பத்திலேயே அதைக் கேளுங்கள். செய்யாதவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

பிள்ளைகளுக்கு எபெத்மெலேக்கைச் சொல்லித்தருவதாக இருந்தால் ஒரு தேங்காய்நார்க் கயிறும் பழைய துண்டும் கொண்டுபோங்கள். ஒரு பையனின் அக்குளில் கயிற்றைச் சுற்றி, தரையில் நிற்கவைத்தே, லேசாக மேலே இழுங்கள். கூசும், குத்தும், நெளிவான். அப்புறம் துண்டை மடித்துக் கயிற்றுக்குக் கீழே வைத்து மறுபடி இழுங்கள். அவன் முகம் மாறுகிற அந்த நொடியில் 38:12ஐ வாசியுங்கள்.