காவிரிக்கரைத் தோப்பின் கதையைத் தேடிப் போகிறவர்களுக்கு

தாத்தாவுக்குக் காவிரிக்கரையில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது, இப்போது சித்தப்பா மகன் பார்த்துக்கொள்கிறார். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு இவ்வளவுதான் தெரியும். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ டொரண்டோவிலோ பிறந்த பிள்ளைகளுக்கு இதுவும் தெரியாது. இந்த முறை ஊருக்குப் போகும்போது அந்தத் தோப்பு யாரால், எந்தப் பணத்தில் உண்டானது என்று தெரிந்துகொண்டு வர நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். குளித்தலை, முசிறியிலிருந்து திருவையாறு, கும்பகோணம் வரையுள்ள காவிரி, கொள்ளிடக் கரை ஊர்கள்தான் என் மனதில் இருப்பவை.

ஊரில் இறங்கியதும் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள். பதிவேடுகள் அடுத்த வருஷமும் இருக்கும். அந்தத் தோப்பில் மரம் ஏறியவர்களும், மடை திருப்பியவர்களும், வாழைக்கு முட்டுக் கொடுத்தவர்களும் இன்று எண்பதைத் தொட்டவர்கள். முதலில் பார்க்க வேண்டியது அவர்களைத்தான்.

எப்போது போகலாம்? மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடப்படும். பிப்ரவரி, மார்ச்சில் போனால் ஆற்றில் இறங்கி நடக்கலாம். கரை எங்கே அரித்திருக்கிறது, எங்கே மணல் சேர்ந்து மேடாகியிருக்கிறது, பழைய படித்துறை எங்கே இருந்தது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆடிப்பெருக்குக்குப் போக ஆசை இருக்கும், போங்கள். ஆனால் மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்தால் கொள்ளிடப் படுகையில் இருக்கும் வாழைத் தோட்டங்களுக்குள் தண்ணீர் ஏறிவிடும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில்தான் திருச்சிக்கு அருகே முக்கொம்பில் மேலணையின் கொள்ளிடப் பகுதி மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய அணை அது.

பெரியவர்களிடம் "இந்தத் தோப்பு எந்த வருஷம் வைத்தது?" என்று கேட்டால் பதில் வராது. அவர்கள் வருஷத்தை நிகழ்ச்சிகளோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருப்பார்கள். எழுபத்தேழாம் வருஷப் புயல் வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அவர்களுடைய அப்பா சொன்ன கதையாக இருந்தால் 1924 பெருவெள்ளத்துக்கு முன்பா, 1934இல் மேட்டூர் கட்டி முடித்த பிறகா, 1942இல் பர்மாவிலிருந்து ஆட்கள் நடந்தே திரும்பி வந்த சமயமா என்று கேட்கலாம். பர்மா, மலாயா சம்பாத்தியத்தில் வாங்கிய நிலங்கள் இந்தக் கரையோரத்தில் உண்டு. உங்கள் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய வருஷம் வீட்டில் யாருக்காவது தெரிந்தால், தோப்பு வாங்கிய பணத்தின் கதை பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

மரமும் சாட்சி சொல்லும். நெட்டைத் தென்னை வருஷத்துக்குச் சுமார் பன்னிரண்டு மட்டை விடும். மட்டை விழுந்த ஒவ்வொரு இடத்திலும் தண்டில் வடு இருக்கும். வடுக்களை எண்ணிப் பன்னிரண்டால் வகுத்து, தண்டு எழும்புவதற்கு முன்பான சில வருஷங்களைச் சேர்த்தால் வயது தோராயமாகத் தெரியும். தோப்பிலேயே உயரமான நாலைந்து மரங்களை இப்படிக் கணக்குப் பார்த்து, பெரியவர்கள் சொல்வதோடு ஒத்துப் பாருங்கள்.

வேலை செய்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது உறவினரை உடன் அழைத்துப் போகாமல் தனியாகப் போங்கள். கூலி எவ்வளவு கொடுத்தார்கள், குத்தகை எப்படி அளந்தார்கள், யாரைத் தோப்புக்குள் விடவில்லை என்பதெல்லாம் நிலக்காரர் முன்னால் வாயில் வராது. அதைக் கேட்காமல் எழுதும் குடும்ப வரலாற்றை நான் வரலாறாகவே மதிக்க மாட்டேன். ஐயா, பெரியம்மா என்று கூப்பிட்டு, உட்கார்ந்து, வீட்டு நலம் விசாரித்துவிட்டு அப்புறம் தோப்புப் பேச்சை எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வாரிசு வந்தாலே விற்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊர் நினைக்கும். குத்தகைக்காரருக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல். எதற்காக வந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த அத்தைகளையும் விட்டுவிடாதீர்கள். எந்த மாமரத்துக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றில் யார் விழுந்தார் என்பது வரை அவர்களுக்கு நினைவிருக்கும். பட்டாவில் பெயர் இல்லை என்பதால் யாரும் அவர்களைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

சரி, இனி காகிதம். வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய கிரயப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ இருந்தால் சொத்து விவரத்தை முதலில் படியுங்கள். காவிரிக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு என்று நான்கு எல்லையும் இருக்கும். பல பத்திரங்களில் தென்னை இத்தனை, மா இத்தனை, கேணி ஒன்று என்று எண்ணியே எழுதியிருப்பார்கள். பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் நிலவரிக் கணக்கு வருஷம்) மட்டும் போட்டிருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1340 என்றால் 1930 ஜூலையில் தொடங்கிய வருஷம். அளவு குழி, மா, வேலி என்று இருக்கும்: 100 குழி ஒரு மா, அது சுமார் 33 சென்ட், 20 மா ஒரு வேலி.

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு (ஊரின் நிலங்களை சர்வே எண் வாரியாகப் பட்டியலிடும் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் அரசின் இணையச் சேவையில் கிடைக்கும். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேட வேண்டும். பட்டாவில் பெயர் மாறியிருந்தால் எந்த வருஷத்தில் என்று பாருங்கள். ஒரு குடும்பம் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டும் நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. 1970இல் வரம்பு 30 தர ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15 ஆகக் குறைந்தது. அந்த வருஷங்களை ஒட்டி ஒரே குடும்பத்துக்குள் நிலம் பல பெயர்களுக்குப் பிரிந்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த நிலப் பதிவேடு மேம்பாட்டுப் பணியின்போது ஊரில் இல்லாதவர்களின் பங்கு, ஊரில் இருந்தவர் பெயருக்கே ஏறிய இடங்களும் உண்டு. உடனே அண்ணன் தம்பி மேல் சந்தேகப்படாமல், அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். "நம்ம தோப்பு" என்று தலைமுறைகளாகச் சொல்லி வந்தது கோயில் நிலமாகவோ மடத்து நிலமாகவோ இருக்கலாம். தஞ்சைப் பக்கம் இது சாதாரணம். கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள படுகையில் ஒரு பகுதி பட்டா நிலமாகவும், மற்றது ஆற்றுப் புறம்போக்காகவும் (அரசு நிலம்) இருக்கும். தாத்தா நட்ட மரம் புறம்போக்கில் நின்றாலும் அது அவர் உழைப்புதான். ஆனால் அந்த இடத்தைப் பங்கு கேட்டுப் பேசாதீர்கள்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். வெளிநாட்டு இந்தியரும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. அதனால் அப்பா உயிரோடு இருக்கும்போதே உங்கள் பெயருக்கு எழுதி வைக்கிறேன் என்றால் வக்கீலைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். ஊரில் வாழ்ந்தவர் காலமான பிறகு வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான்.

திரும்புவதற்கு முன் யாராவது பவர் (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கேட்பார்கள். எல்லா அதிகாரமும் கொடுத்து எழுதாதீர்கள். பட்டா மாறுதல், நில அளவை, வரி என்று எந்த வேலைக்கோ அதை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். விற்கும் அதிகாரம் கிடையாது என்று தனியாக ஒரு வரி சேருங்கள். வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு எழுதுவதானால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஊரில் இருப்பவர் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.