ரெட்டை ஹெட்லைட் பைக்ல ரெண்டு பக்கமும் டிம் எரிய வைக்கிறது எப்படி

ரெண்டு ஹெட்லைட் இருக்குற பைக்ல பல மாடல்ல டிம் போட்டா ஒரு பக்கம் மட்டும்தான் எரியும், இன்னொரு பக்கம் பிரைட் அடிச்சாதான் எரியும். கம்பெனில அப்படித்தான் டிசைன் பண்ணிருக்காங்க, அது ரிப்பேர் இல்ல. ஆனா ராத்திரி ஓட்டுறப்போ ஒரு பக்க டிம் வெளிச்சம் போதவே மாட்டேங்குது, அந்த ஒரு பல்பும் நடுரோட்டுல ஃபியூஸ் போச்சுன்னா அந்த நிமிஷம் முன்னாடி ஒண்ணுமே தெரியாது. அதுக்காகத்தான் நான் இந்த வேலைய பண்ணேன், மாட்டி ரொம்ப நாளாச்சு, இன்னிக்கு வரைக்கும் நல்லா ஓடுது.

முதல்ல உங்க வண்டில இது சாத்தியமான்னு பாருங்க, எல்லா வண்டிலயும் ஆகாது. பின்னாடி ரப்பர் கவர கழட்டி பல்ப வெளிய எடுத்துப் பாருங்க. மூணு பின் இருக்குற ஹெச்4 பல்பு ரெண்டு பக்கமும் இருந்தா வேலை ஆகும், ஏன்னா ஹெச்4 உள்ள ரெண்டு ஃபிலமெண்ட் இருக்கு, டிம் 55 வாட், பிரைட் 60 வாட், டிம் ஃபிலமெண்ட்டுக்கு அடியில சின்னதா ஒரு கப் மாதிரி தகடு இருக்கும், அதுதான் வெளிச்சம் மேல போகாம வெட்டி விடுது. அப்போ எரியாத பக்கமும் டிம்முக்குத் தேவையானது ஏற்கனவே உள்ள இருக்கு, கரண்ட் மட்டும்தான் போகல. ஆனா ஒரு பக்கம் ஒரு ஹெச்7, இன்னொரு பக்கம் ஒரு ஹெச்7, ஒண்ணு டிம்முக்கு ஒண்ணு பிரைட்டுக்குன்னு தனித்தனியா இருந்தா தயவுசெஞ்சு கை வைக்காதீங்க, அந்த பிரைட் பக்கத்து ரிஃப்ளெக்டர் தூரத்துக்கு நேரா அடிக்கிற மாதிரி செஞ்சது, அத டிம்மோட சேர்த்து எரிய விட்டா எதிர்ல வர்றவர் கண்ணு கூசி உங்க மேலயே வந்து விழுவார். உங்க ஊர் சட்டத்துல லைட் மாத்த அனுமதி எப்படின்னும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

சரி, ஹெச்4தான்னு வெச்சுக்குவோம். எல்லாரும் முதல்ல யோசிக்கிறது, எரியுற பக்கத்து டிம் வயர்ல இருந்து ஒரு துண்டு வயர் எடுத்து அந்தப் பக்கம் குடுத்துட்டா முடிஞ்சதுன்னுதான். எரியும், உடனே எரியும், அதான் பிரச்சனையே. நானும் அப்படித்தான் முதல்ல பண்ணேன், கொஞ்ச நாள்ல ஹேண்டில் பக்கத்துல பிளாஸ்டிக் கருகுற வாசனை, பிரிச்சுப் பாத்தா டிம் சுவிட்சுக்குப் போற கப்ளர், அதான் வயர வயரோட சேர்க்குற பிளாஸ்டிக் சொருகி, பழுப்பாகி உருகி ஒட்டிக் கிடந்துச்சு. கணக்கு போட்டா தெரியும், ஒரு பல்பு ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும், ரெண்டும் சேர்ந்தா 10 ஆம்பியர், ஒரு பல்புக்குன்னு அளந்து போட்ட மெல்லிசு வயரும் சின்ன சுவிட்ச் பாயிண்ட்டும் டபுள் லோட எப்படித் தாங்கும். அதனால பல்புக்குப் போற கரண்ட் பேட்டரில இருந்து நேரா வரணும், சுவிட்ச் வெறும் சிக்னல் மட்டும் குடுக்கணும், அந்த வேலைய பண்றதுதான் ரிலே.

வயரைத் தொடுறதுக்கு முன்னாடி வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் வெச்சு மூணு விஷயம் பாத்துடுங்க. ஒண்ணு, ஹெட்லைட்டுக்கு வர்றது டிசியா ஏசியா. சின்ன பைக் சிலதுல ஹெட்லைட் பேட்டரில இருந்து எரியாது, இன்ஜின் ஓடுறப்போ கரண்ட் உண்டாக்குற ஸ்டேட்டர் காயில்ல இருந்து நேரா ஏசி வரும், இன்ஜின ரேஸ் பண்ணா லைட் கூடும், விட்டா மங்கும், அந்த மாதிரி வண்டில ஏசி லைனை ரிலேக்குக் குடுத்தா அது படபடன்னு அடிச்சுக்கும், இந்த முறை உங்களுக்கு ஆகாது. ரெண்டாவது, சுவிட்ச் பிளஸ்ஸ வெட்டுதா எர்த்த வெட்டுதான்னு பாருங்க, பெரும்பாலும் பிளஸ்தான், ஆனா சில வண்டில ஹோல்டருக்கு பிளஸ் எப்பவும் நிக்கும், சுவிட்ச் எர்த் பக்கம் வேலை செய்யும், அப்படி இருந்தா நான் கீழ சொல்ற கனெக்‌ஷன் அப்படியே பொருந்தாது, அந்த வண்டிய விவரம் தெரிஞ்ச எலக்ட்ரீசியன்கிட்ட விட்டுடுங்க. மூணாவது சார்ஜிங். இன்ஜின் ஓடுறப்போ பேட்டரில 13.5ல இருந்து 14.5 வோல்ட் வரைக்கும் காட்டணும். இங்க ஒரு நல்ல குறிப்பு, உங்க வண்டில பிரைட் போட்டா கம்பெனியிலயே ரெண்டு பக்கமும் எரியுதுன்னா அந்த சார்ஜிங் 120 வாட் ஏற்கனவே குடுத்துட்டுதான் இருக்கு, ரெண்டு டிம் 110 வாட்தான், அதனால பெருசா பயப்பட வேணாம். டிம்முக்கு ஒண்ணு பிரைட்டுக்கு ஒண்ணுன்னு எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான் எரியுதுன்னா 55 வாட் புதுசா ஏறுது, அப்போ சார்ஜிங் டெஸ்ட் ரொம்ப முக்கியம்.

வாங்க வேண்டியது, 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே ஒண்ணு அதோட சாக்கெட்டும் சேர்த்து, 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட வாட்டர்புரூஃப் ஃபியூஸ் ஹோல்டர், 2 ஸ்கொயர் எம்எம் வயர் சிவப்பும் கருப்பும், லக்கு (வயர் முனைல அழுத்தி மாட்டுற உலோகத் துண்டு), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கி வயர இறுக்கிக்கிற குழாய்), ஹெச்4 ஹோல்டர் ரெண்டு, ஹெச்4 ஆண் கப்ளர் ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணு. இந்த ஆண் கப்ளர் எதுக்குன்னா கம்பெனி வயர வெட்டாம அதுல சொருகி சிக்னல் எடுத்துக்கலாம், நாளைக்கு வேணாம்னா உருவிட்டு பழையபடி மாட்டிக்கலாம். வயர வெட்டி முறுக்கி டேப் சுத்துற வேலை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, மழைல ஒரு சீசன் கூட தாங்காது.

ரிலேல நம்பர் போட்டிருக்கும், 30, 85, 86, 87. பேட்டரி மைனஸ முதல்ல கழட்டி வெச்சுட்டு ஆரம்பிங்க. பேட்டரி பிளஸ்ல இருந்து ஃபியூஸ் வழியா 30க்கு, ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும், தள்ளி வெச்சா இடையில வயர் உரசி ஷார்ட் ஆனா காப்பாத்த ஆளில்ல. எரியுற பக்கத்து கம்பெனி டிம் வயர்ல இருந்து 86க்கு, 85 எர்த்துக்கு. 87ல இருந்து ரெண்டு வயர், ரெண்டு பக்கத்து புது ஹோல்டரோட டிம் பின்னுக்கு ஒண்ணு ஒண்ணு. அஞ்சு பின் ரிலே கிடைச்சா நடுவுல இருக்குற பின் 87ஏவா இல்ல இன்னொரு 87ஆன்னு மேல அச்சடிச்ச படத்தப் பாருங்க, 87ஏன்னா அது ரிலே ஆஃப்ல இருக்குறப்போ கரண்ட் குடுக்குற பின், அதுல மாட்டினா சாவி ஆஃப் பண்ணியும் லைட் எரிஞ்சு காலைல பேட்டரி செத்துக் கிடக்கும்.

பிரைட் வயர அந்தந்தப் பக்கத்துல இருந்தே அந்தந்தப் புது ஹோல்டருக்குக் கொண்டு போங்க, அதுல எதையும் மாத்த வேணாம். ஹோல்டர்ல எந்தப் பின் டிம், எது பிரைட், எது எர்த்னு வயர் கலர நம்பி முடிவு பண்ணாதீங்க, ஹோல்டர்ல வர்ற கலரும் உங்க வண்டி கலரும் பல நேரம் ஒத்துப் போகாது, மீட்டர் வெச்சுப் பாத்து மார்க் பண்ணிக்கோங்க. எர்த் விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடுவாங்க, பிளஸ் பக்கம் தடிமனா வயர் போட்டுட்டு எர்த் பழைய மெல்லிசு வயர்லயே விட்டா பாதி வேலைதான் ஆச்சு, ரெண்டு ஹோல்டர் எர்த்தையும் சேர்த்து 2 ஸ்கொயர்லயே பேட்டரி மைனஸ் வரைக்கும் கொண்டு போங்க. வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா ஹாலோஜன் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், அதான் இவ்வளவு சொல்றேன்.

சால்டர் பண்றத விட நல்ல கிரிம்பிங் பிளையர் வெச்சு லக்க அழுத்துறது பைக்குக்கு நல்லது, சால்டர் பண்ண இடம் விறைச்சுப் போய் அதிர்வுல அந்த ஓரத்துலயே வயர் முறியும். ரிலேவ பின்னு கீழ பாக்குற மாதிரி மாட்டுங்க, தண்ணி நிக்காது. ஹேண்டில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி வயர் எங்கயாவது இழுக்குதா நசுங்குதான்னு பாருங்க. பல்பு கண்ணாடில விரல் படக்கூடாது, பட்டா ஸ்பிரிட்ல தொடச்சுட்டு மாட்டுங்க.

மைனஸ மாட்டி சாவி போட்டு டிம் போடுங்க, ரிலே டிக்னு ஒரு சத்தம் குடுத்து ரெண்டும் எரியணும். பிரைட்டுக்கு மாத்தினா, உங்க வண்டில டிம் வயர்ல கரண்ட் நிக்குதான்னு பொறுத்து டிம் அணையும், பெரும்பாலும் அணையும். ஒரே ஹெச்4ல டிம்மும் பிரைட்டும் சேர்ந்து ரொம்ப நேரம் எரியக்கூடாது, பல்பும் ஹோல்டரும் சூடாகி கருகும், அதனால இத கண்ணால பாத்து உறுதி பண்ணிக்கோங்க. இன்னும் ஒண்ணு, லைட் எரியுறப்போ மீட்டரோட ஒரு முனை பேட்டரி பிளஸ்ல, இன்னொரு முனை ஹோல்டர் டிம் பின்ல வைங்க, அர வோல்ட்டுக்கு மேல காட்டினா எங்கயோ லூஸ் கனெக்‌ஷன் இருக்கு. அதே மாதிரி எர்த் பக்கமும்.

அடுத்து ஐடிலிங்ல டிம், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாத்தையும் போட்டு பேட்டரி வோல்டேஜ் பாருங்க, 13க்குக் கீழ இறங்கி அங்கயே நின்னா டிராஃபிக்ல ரொம்ப நேரம் நிக்குறப்போ பேட்டரி கரையும், அப்படிப்பட்ட வண்டில ஒரு பக்கமே போதும்னு விட்டுடுறதுதான் சரி.

கடைசியா ஃபோகஸ். புதுசா எரிய ஆரம்பிச்ச பக்கத்த இதுவரைக்கும் யாரும் டிம்முக்கு செட் பண்ணிப் பாத்திருக்க மாட்டாங்க. சமதரையில சுவத்துல இருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, நீங்க வண்டில உக்காந்துக்கிட்டு இன்னொருத்தரை ஹெட்லைட் நடு உயரத்த சுவத்துல மார்க் பண்ணச் சொல்லுங்க, டிம் வெளிச்சத்தோட மேல் கோடு அந்த மார்க்குக்கு சுமார் 5 சென்டிமீட்டர் கீழ விழணும், ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல. ஒவ்வொரு பக்கமா துணி போட்டு மூடிட்டு தனித்தனியா பாருங்க, சேர்த்து பாத்தா எது தூக்கி அடிக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது. முதல் ராத்திரி ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து லைட்ட அணைச்சுட்டு ரிலே சாக்கெட், ஃபியூஸ் ஹோல்டர் ரெண்டையும் கையால தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, கை வைக்க முடியாத சூடு இருந்தா அந்த லக்க வெட்டிப் போட்டுட்டு மறுபடி கிரிம்ப் பண்ணுங்க.