மலிவான கிட்டாரை எப்படிச் சோதித்து வாங்குவது?

கிட்டார் கற்றுக்கொள்ள வருபவர்களில் சிலர், ஒரு மாதம் முடிவதற்குள் "என் விரலுக்கு இது வராது" என்று சோர்ந்துவிடுகிறார்கள். அவர்களுடைய கருவியை வாங்கி வாசித்துப் பார்த்தால் எனக்கே விரல் வலிக்கிறது. குறை கருவியில் இருக்க, பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டு விலகிப்போகிறார்களே என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

விலை குறைந்த கிட்டார் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இயந்திரங்கள் துல்லியமாக அறுப்பதால் இப்போது மலிவான கருவிகளிலும் ஃபிரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) பெரும்பாலும் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. விடுபட்டுப்போவது, கடைசியில் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் செய்ய வேண்டிய சீரமைப்பு.

வாங்கப் போகும்போது ஒரு சிறிய அளவுகோலும் சுருதி காட்டும் டியூனரும் கொண்டுபோங்கள். முதலில் சுருதி சேருங்கள். பிறகு 12ஆவது ஃபிரெட்டின் மேல்பகுதிக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளவெடுங்கள். எஃகுத் தந்தி கிட்டாரில் தடித்த தந்திக்கு 2.5 மி.மீ., மெல்லியதற்கு 2 மி.மீ. அளவில் இருந்தால் நிம்மதி. 3 மி.மீட்டரைத் தாண்டினால் புதியவருக்குச் சிரமம். நைலான் தந்திக்கு இதைவிடச் சற்று உயரம் இருப்பது இயல்பு.

அடுத்தது நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு பட்டை. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. எனக்கோ இதுதான் மிக முக்கியம். தந்தியை 2, 3ஆவது ஃபிரெட்டுகளுக்கு நடுவே அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் பாருங்கள். மயிரிழை இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் ஒரே விரலால் பல தந்திகளை அழுத்த வேண்டிய எஃப் கார்டு பிடிப்பது வதை, சுருதியும் ஏறிப்போகும். பிறகு 12ஆவது ஃபிரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு ஒருமுறை, அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். இரண்டையும் டியூனர் ஒன்றாகக் காட்ட வேண்டும்.

தந்தி உயரம் மட்டுமே குறை என்றால் தயங்காமல் வாங்குங்கள். உடல்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டையான சேடிலின் அடிப்பகுதியைத் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம், 1 மி.மீ. தேய்த்தால் 12ஆவது ஃபிரெட்டில் அரை மி.மீ. இறங்கும். நட்டை மட்டும் நீங்களே அராவாதீர்கள். பள்ளம் ஆழமாகிவிட்டால் திறந்த தந்தி இரையும். அது பழுதுபார்ப்பவரின் வேலை. 12 கேஜ் (தடிமன் அளவு) தந்திகளைக் கழற்றிவிட்டு 10 அல்லது 11 மாட்டினால் விரலுக்கு இன்னும் இதம். பெடல், விலையுயர்ந்த பை எல்லாம் பிறகு வரட்டும். கையிலிருக்கும் பணம் முதலில் இந்தச் சீரமைப்புக்கும் நல்ல தந்திகளுக்கும் போகட்டும்.

கழுத்து முறுக்கிக்கொண்ட கிட்டாரை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.