ஹெயான் அரசவைக் கதையில் மாமியாருக்கு என்ன வேலை?

ஹெயான் காலத்து (794–1185) ஜப்பானியப் பிரபுக்களை வைத்துப் புதியவர்கள் எழுதிய மூன்று நாவல் பிரதிகளைச் சமீபத்தில் படித்தேன்.  மூன்றிலும் நான் முன்பு செய்த அதே தவறு இருந்தது.

புகுந்த வீடு

மணப்பெண் கணவன் வீட்டுக்கு வருகிறாள், மாமியார் வரவேற்கிறாள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மாமியார் மருமகள் சண்டையை வைத்தே 140 பக்கம் எழுதிவிட்டேன். படித்த நண்பர், "இவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்திருக்கவே மாட்டார்களே" என்றார். அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. நம் ஊர்க் கல்யாணத்தை யோசிக்காமல் அங்கே கொண்டுபோய் வைத்ததால் வந்த வினை.

அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். இருட்டிய பின் வந்து, விடியும் முன் கிளம்பி, உடனே கவிதை எழுதி அனுப்ப வேண்டும். கவிதை தாமதமானால் பெண் வீட்டில் கலக்கம்தான். தொடர்ந்து மூன்று இரவு வந்தால் கல்யாணம். மூன்றாம் இரவு இருவரும் மோச்சி என்ற அரிசிப் பலகாரம் சாப்பிடுவார்கள். அப்புறமும் அவர் மாமனார் வீட்டுக்கு வந்துபோவார், அல்லது அங்கேயே தங்கிவிடுவார். தனி வீடு பார்த்துப் போவதும் உண்டு. கணவனின் பெற்றோரோடு கூட்டுக்குடித்தனம் மட்டும் வழக்கத்தில் இல்லை.

இதில் தவறினால் அரசியலும் புரியாமல் போகும். அன்று அரசவையையே ஆட்டிவைத்த பிரபு ஃபுஜிவாரா நோ மிச்சிநாகாவின் புகழ்பெற்ற சுச்சிமிகாதோ மாளிகையே மனைவி ரின்ஷியின் வழியாக வந்ததுதான். அவர் மகள் ஷோஷி 999-இல் பேரரசர் இச்சிஜோவை மணந்து அரண்மனைக்குப் போனாள். ஆனால் 1008-இல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கே, அதே மாளிகைக்கே வந்தாள். குழந்தை பிறந்தது தாத்தாவின் கூரைக்கு அடியில். அந்தப் பேரன் 1016-இல் சிறுவனாகவே அரியணை ஏற, மிச்சிநாகா அவனுக்குப் பதிலாக ஆளும் பொறுப்புக்கு வந்தார். பெண்ணைப் பெற்றவருக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறதல்லவா? பெண்ணை மாமியார் வீட்டில் குடிவைத்தால் இந்தக் கதையே நகராது.

நாட்குறிப்பு

பிரபு நாட்குறிப்பில் ரகசியமாக மனக்குமுறலைக் கொட்டுவதாக எழுதாதீர்கள். மிச்சிநாகா கைப்பட எழுதியதே இன்றும் இருக்கிறது. பஞ்சாங்கச் சுருளில் அந்தந்தத் தேதிக்கு அருகே எழுதியிருக்கிறார். எந்தச் சடங்கு எப்படி நடந்தது, யார் வந்தார்கள், என்ன பரிசு கொடுத்தார்கள் என்பதுதான் பெரும்பாலும். அடுத்த தலைமுறை அவையில் தடுமாறாமல் இருக்க முன்மாதிரி வேண்டுமே.

பெயர்

அவையில் பெண்களை இயற்பெயர் சொல்லிக் கூப்பிட வைக்காதீர்கள். பணிப்பெண்களுக்குத் தந்தை அல்லது உறவினரின் பதவியை ஒட்டிய பெயர்தான்.

தேநீர்ச் சடங்கு

பல நூற்றாண்டுகள் பிந்தையது. எடுத்துவிடுங்கள்.