புது கம்ப்யூட்டர் சூடாகி அணைகிறதா?
தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று. கேம் ஓடும்போது பொசுக்கென்று அணைந்தால் ஜனவரிப் புழுக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். அது சில டிகிரிதான் கூட்டும். சும்மா இருக்கும்போதே பிராசசர் 90 டிகிரியைத் தொட்டால் அதைக் குளிர்விக்கும் கூலரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றினால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கூலரைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்தத் தகட்டில் நிறமில்லாத பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கலாம்; அவசரத்தில் கண்ணுக்கே படாது. அதை உரித்து, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிராசசர் மேல் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே மூலையை முழுக்க இறுக்கினால் கூலர் சாய்ந்து உட்காரும்.

சூடே ஏறாமல் விண்டோஸின் நீலப் பிழைத்திரை வந்தால் ரேமைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில், ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளைப் போட்டு, ரேமை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.