உறைபனியில் கருகிய தொட்டிச் செடியை மீட்பது எப்படி?

மேட்டுப்பாளையம், காரமடை நர்சரிகளில் வாங்கி ஊட்டிக்கு ஏற்றிய செம்பருத்தி, காகிதப்பூ, இட்லிப்பூ, குரோட்டன்ஸ் எல்லாம் கீழ்நாட்டு வெயிலில் வளர்ந்தவை. மேகமும் காற்றும் இல்லாத மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழுந்தால் முதலில் அடிபடுவது இவைதான். நிலத்தில் நிற்கும் செடியின் வேருக்குப் பூமியின் சூடு துணை. தொட்டிக்கோ நாலு பக்கமும் குளிர்.

விடிந்ததும் இலைகள் வெந்த கீரையாகத் துவண்டு கிடக்கும், வெயில் ஏற ஏறக் கருகும். உறைந்த இலையில் வெயில் சட்டென்று பட்டால் சேதம் கூடும். அதனால் கிழக்குப் பார்த்த தொட்டியை விடியும் முன்பே நிழலுக்கு நகர்த்துங்கள். வெந்நீர் மட்டும் ஊற்றவே வேண்டாம்.

கருகிய கிளையை உடனே வெட்டிக் கவாத்து செய்யத்தான் கை துறுதுறுக்கும். பொறுங்கள். காய்ந்த இலைகள் கீழே உள்ள மொட்டுகளுக்குப் போர்வை. இப்போது வெட்டினால் இளந்தளிர் கிளம்பும், அடுத்த பனியில் அதுவும் போகும், செடியின் சேமிப்பும் வீணாகும். மாசி பிற்பாதியில் பனி நின்ற பிறகுதான் கத்தரி எடுக்க வேண்டும்.

அப்போதும் கண்ணை நம்பாதீர்கள். நுனியில் இருந்து தொடங்கி நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது. இன்னும் கீழே சுரண்டுங்கள். ஈரப்பச்சை தெரியும் இடத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். பெரிய வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிரைக் கிள்ளிவிடுங்கள், அது காட்டு ரோஜா.

பனியில் பிழைத்த செடியும் தண்ணீர் மிகுந்தால் செத்துவிடலாம். இலை இல்லாத செடி குறைவாகவே உறிஞ்சும். வழக்கமான அளவு ஊற்றினால் வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் காலை பத்து மணிக்கு மேல் ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் செடியை மண்ணோடு வெளியே எடுங்கள்: வெள்ளையாக, விறைப்பாக உள்ள வேர் நல்லது, கொழகொழத்துப் போனதை நறுக்கிவிட்டுப் புது மண்கலவையில் வையுங்கள்.

உரத்துக்கும் அவசரம் இல்லை. தளிர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

மிச்சமுள்ள பனி இரவுகளில் தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து, சுற்றிலும் தென்னை நார்க்கழிவோ சருகோ கொட்டுங்கள். நாலு குச்சி நட்டு, இலையில் படாதபடி பழைய வேட்டியோ சாக்கோ போர்த்துங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடமே கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளை மிலார்ச் செடிகளால் மூடுவதும் இதற்காகத்தான்.

இட்லிப்பூவும் குரோட்டன்ஸும் அடிவரை கருகினால் பிழைப்பது அரிது. காகிதப்பூவும் செம்பருத்தியும் மேலே செத்தாலும் அடித்தூரில் துளிர்க்கலாம். வைகாசி வரை தொட்டியைக் காலி செய்யாதீர்கள்.